நாலு பக்க மன்னிப்பு

நவம்பர் 7, திங்கள்

வருடம் முடியப்போகிற நேரத்தில் யாராவது டைரி ஆரம்பிப்பார்களா என்று என் வீட்டுக்காரி பேச்சி கேட்கிறாள். சிமெண்ட் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. பத்து மாதம் பீரோவுக்கு மேலே தூங்கியது. பெரிய மனிதர்கள் சம்பவம் நடந்த பிறகுதான் எழுதுவார்கள். இன்று எனக்குச் சம்பவம் நடந்துவிட்டது.

முதலில் என்னைப் பற்றி. நான் கணீர் கருணாகரன். ஆட்டோவில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, மைக் பிடித்து, ஊரெல்லாம் விளம்பரம் சொல்கிறவன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், கண் சிகிச்சை முகாம், காணாமல் போனவர், காலமானவர் என்று எல்லாச் சேதியும் இந்த ஊருக்கு என் வாயிலிருந்துதான் போகிறது. நான் அறிவிக்காமல் இங்கே ஒருத்தரும் முழுதாகச் செத்ததில்லை. படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் சரக்கு இல்லை. நானே விட்டுவிட்டேன்.

சம்பவம் இதுதான். என் கூடப்பிறந்த அக்கா முருகலட்சுமி அடுத்த வீட்டில் இருக்கிறாள். அவள் மகள் சங்கரேஸ்வரியைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு. நாளைக்குப் பொறுப்பான ஆள் ஒருத்தர் வர வேண்டுமாம். அவள் அப்பா நாக்பூரில் முறுக்குக் கடையில் நிற்கிறார், பொங்கலுக்குத்தான் வருவார். அக்காவுக்கு மில்லில் ஷிப்ட். ஆக, இந்தக் குடும்பத்தில் பொறுப்பான ஆள் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

“சுவரேறிக் குதிச்சுட்டாளாம்டா கருணா. வாட்ச்மேன் கையும் களவுமாப் பிடிச்சிருக்காரு” என்று அக்கா அழுதாள்.

சங்கரி சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. மதில்மேல் பதித்திருக்கும் கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டதாம்.

“மாமா, அது வந்து, இன்னைக்குத் தண்ணி வந்துச்சுல்ல, அதனால...”

“தாயி, நீ ஒண்ணும் சொல்லாத. மாமா பாத்துக்கிறேன். உங்க ஹெச்.எம். எனக்கு ரொம்ப வேண்டியவங்க.”

ஹெச்.எம்.மை நான் பார்த்ததில்லைதான். ஆனால் நாலு வருடத்துக்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவை ஊரெல்லாம் சொன்னவன் நான். வேண்டியவர் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

நவம்பர் 8, செவ்வாய்

வெற்றி.

வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. ஆட்டோவைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி இறங்கியபோது மந்திரி வந்ததுபோல எல்லோரும் திரும்பினார்கள். (ஒரு குழாய் கழன்று தொங்கியதால் திரும்பினார்கள் என்று பேச்சி சொல்வாள். அவள் அங்கே இல்லை.)

ஹெச்.எம். மேடம் நிமிர்ந்து பார்த்தார். “பொண்ணுகிட்ட என்ன ஏதுன்னு விசாரிச்சீங்களா?”

“அக்குவேறு ஆணிவேறா விசாரிச்சாச்சு மேடம்.”

“சரி. நடந்தத எழுதி, இனிமே நடக்காதுன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் குடுங்க. ஒரு பக்கம் போதும். ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும். அடுத்த திங்கள் வந்து உக்காரட்டும்.”

ஒரு பக்கமாம்! கணீர் கருணாகரனிடம் ஒரு பக்கமா? வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். பேனா மை தீர்ந்து ஆபீஸ் பையனிடம் வேறு பேனா வாங்கினேன். என் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் நாய்கூட எட்டிப்பார்க்காது, ஐம்பது என்றால்தான் கூட்டம் வரும். அதுபோல, சுவரேறிக் குதித்தாள் என்று மொட்டையாக எழுதினால் அதற்கு மொட்டையான மன்னிப்புதான் கிடைக்கும். குற்றம் பெரிதாக இருந்தால்தான் மன்னிக்கிறவருக்கும் ஒரு பெருமை.

முக்கியமான பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும்:

“...என் மருமகள் சங்கரேஸ்வரியாகப்பட்டவள் தீய சகவாசம் என்னும் மாயவலையில் விழுந்து, அறிவுக் கோயிலின் மதிலை ஏறிக் குதித்து வெளியேறி, திரையரங்கில் மேட்னி காட்சி கண்டு களித்த கொடுமையைக் கண்ணீரால் எழுதுகிறேன். தாயினும் சாலப் பரிந்த தாங்கள் இந்த வழிதவறிய ஆட்டுக்குட்டியை...”

மேடம் இரண்டு முறை வாசித்தார். “படத்துக்கா போனா?”

“மறைக்க விரும்பல மேடம்.”

அவர் முகம் மாறியது. உருகிவிட்டார் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

வெளியே சங்கரி காத்திருந்தாள். “என்ன மாமா எழுதுனீங்க?”

“உன்னக் காப்பாத்தி எழுதிருக்கேன் தாயி. நாலு பக்கம்.”

“தண்ணி வந்ததையும் எழுதுனீங்களா?”

பிள்ளைக்கு என்ன தெரியும். தண்ணீரைப் பற்றி எழுதினால் யார் அழுவார்கள்?

நவம்பர் 9, புதன்

கண் முகாம் விளம்பரம். ஆம்ப்ளிஃபயர் சூடாகி நாற்றம் வந்தது. ஈரத்துணி போட்டேன்.

நவம்பர் 12, சனி

தொண்டை கட்டிவிட்டது. மிளகும் பனங்கற்கண்டும். சங்கரி நாள் முழுக்கக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். காயக் கையால் எழுத முடியாமல் இடது கையால் எழுதிப் பழகுகிறாள். எங்கள் குடும்பத்து ரத்தம்.

நவம்பர் 14, திங்கள்

குழந்தைகள் தினம். சங்கரி மறுபடி பள்ளிக்கூடம் போன நாள். ராத்திரியே ரிப்பனைத் துவைத்து, சுடுதண்ணீர் ஊற்றிய டம்ளரால் தேய்த்து வைத்திருந்தாள். ரெட்டைச் சடை, மடித்துக் கட்டிச் சிவப்பு ரிப்பன். சடை அரை அங்குலம் இறங்கினாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திவிடுவார்களாம். கட்டுப்பாடான பள்ளிக்கூடம். அதனால்தான் ஊரே சீட்டுக்கு அலைகிறது.

சாயங்காலம் பெரிய சேதி. அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் ரோஸ்லின் தெருமுனையில் என்னை நிறுத்தினாள். 

“மாமா, உங்க லெட்டர இன்னைக்கு ப்ரேயர்ல மைக்ல வாசிச்சாங்க.”

“மைக்லயா?”

“ஆமா. பேரு சொல்லல. ஆனா சங்கரிய முன்னாடி நிக்க வச்சிருந்தாங்க.”

“ ‘அறிவுக் கோயில்’ங்கிற எடத்துல கொஞ்சம் நிறுத்தி வாசிச்சாங்களா பாப்பா?”

“தெரியல மாமா. மேட்னின்னு வந்த எடத்துல எல்லாரும் சிரிச்சாங்க.”

இருபது வருடமாக மைக்கில் அடுத்தவன் எழுதிக் கொடுத்ததை வாசித்தவன் நான். இன்று என் எழுத்தை இரண்டாயிரம் பேர் மைக்கில் கேட்டிருக்கிறார்கள். பேச்சியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, “அந்தப் புள்ள எங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பிள்ளை அக்கா வீட்டுப் பின்கட்டில் ரிப்பனைத் துவைத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போவது உண்டு.

நவம்பர் 16, புதன்

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தப் பக்கம் ஆட்டோவில் போனேன். வாசலில் நின்ற பிள்ளைகள் “மேட்னி! மேட்னி!” என்று கத்தினார்கள். நம்மிடம் புதுப்பட விளம்பரம் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தேன். அவர்கள் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. சங்கரி எதிர்ப்பக்கம், சாக்கடை ஓரமாக, தனியாக நடந்துகொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏறச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். நடப்பது உடம்புக்கு நல்லது.

நவம்பர் 21, திங்கள்

அக்கா வந்து புலம்பினாள். சங்கரியைக் கடைசியில் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களாம். ரோஸ்லினின் அம்மா வகுப்பு டீச்சரிடம் போய், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் என் பிள்ளையைப் போடாதீர்கள் என்று சொன்னாராம். 

“மத்தியானம் கூட உக்காந்து சாப்பிட ஆளில்லையாம்டா. டப்பாவ அப்படியே கொண்டாந்திடுறா.”

“தனி பெஞ்சுன்னா வி.ஐ.பி. மாதிரிக்கா. கலெக்டருக்கும் தனி நாற்காலிதான.”

“வாய மூடு கருணா.”

அக்கா என்னை இப்படிப் பேசுகிறவள் இல்லை. மில் வேலை, சூடு.

நவம்பர் 23, புதன்

இன்று தண்ணீர் வந்தது. எட்டு நாளோ பத்து நாளோ, எப்போது வரும் என்று தெருக்குழாய்க்கே தெரியாது. காலை ஏழரைக்கு வந்தது. அக்கா ஷிப்டில். வீட்டில் பன்னிரண்டு குடம், இரண்டு டிரம். சங்கரி வரிசையில் நின்று பிடித்துவிட்டு ஈரப் பாவாடையோடு ஓடினாள்.

ஒன்பதரைக்குக் கண் முகாம் விளம்பரத்தோடு பள்ளிக்கூட வாசலைக் கடந்தேன். கேட் சாத்தியிருந்தது. வெயிலில் அவள் ஒருத்திதான் நின்றாள். மற்ற லேட் பிள்ளைகளை அவரவர் அம்மாமார் வந்து சொல்லி உள்ளே விட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்தாள். நான் மைக்கில் இருந்தேன். “கண்ணொளி இழந்தோரே” என்ற இடம். நடுவில் நிறுத்தினால் விளம்பரம் கொடுத்தவருக்குத் துரோகம்.

வெளியே நிற்பது ஒன்றும் கேவலமில்லை. எட்டாம் வகுப்பில் நானும் வெளியேதான் இருந்தேன். வராண்டாவில் போகிறவர் வருகிறவரைக் கண்காணிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று வாத்தியார் என்னைத்தான் பொறுக்கினார். ஜூலையிலிருந்து அரைப்பரீட்சை வரை. அப்படிப் பதவி வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

நவம்பர் 29, செவ்வாய்

ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் சர்க்கஸ் விளம்பரம். பதினோரு மணி இருக்கும். நூலகத்துப் படியில் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்து, மடியில் டப்பாவைத் திறந்து வைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். ஊரில் அந்தச் சீருடையில் இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள்.

திரும்பும்போது வேறு ரோடு வழியாக வந்தேன். அந்த ரோட்டில் பள்ளம்.

டிசம்பர் 3, சனி

எழுத வேண்டாம் என்று இருந்தேன். பேச்சி தூங்கவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறாள், சும்மா இருந்தால் ஏதாவது கேட்பாள். அதனால் எழுதுகிறேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பள்ளிக்கூட வாட்ச்மேன் தவசி வந்து பக்கத்தில் நின்றார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீகளே?”

“நம்மகிட்ட என்ன தவசி. கேளும்.”

“அந்தப் புள்ள படத்துக்குப் போச்சுன்னு ஏன் எழுதுனீக?”

நான் சிரித்தேன். “அதெல்லாம் எழுத்து நயம்.”

“அது வெளிய குதிக்கல அண்ணாச்சி. உள்ள குதிச்சுச்சு.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

“அன்னைக்கி லேட்டு. நான்தான் கேட்டச் சாத்துனேன், ரூல்ஸு. செத்த நேரங்கழிச்சு கக்கூஸ் பக்கம் தொப்புன்னு சத்தம். போய்ப் பாத்தா, கையில ரத்தம் ஒழுக ஒழுக வகுப்பப் பாத்து ஓடுது. பிடிச்சுட்டேன். ‘விடுங்கண்ணா, கணக்குப் பரீட்ச’ன்னு கையெடுத்துக் கும்பிடுது. நான் பி.டி. டீச்சர்கிட்டச் சொன்னேன். அவுக நோட்டுல ‘சுவர் ஏறிக் குதித்தார்’னு எழுதுனாக. உள்ளயா வெளியவான்னு யாரும் கேக்கல.”

“நீர் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஒங்க லெட்டர் வந்திருச்சு. தாய்மாமனே கைப்பட எழுதிக் குடுத்தாச்சு, அப்புறம் வாட்ச்மேன் பேச்ச யாரு கேப்பா?”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு நினைவில்லாமல் போவது வழக்கமில்லை.

சுவர் ஒன்றுதான். ஏறினது ஒன்றுதான். உள்ளே என்றால் என்ன, வெளியே என்றால் என்ன என்று வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இருபது வருடத்தில் எத்தனையோ தள்ளுபடி சொல்லியிருக்கிறேன். ஒரு சுவருக்கு எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 5, திங்கள்

இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டு போனேன். நாலு வரி. தண்ணீர் வந்தது, லேட் ஆனது, பரீட்சைக்காக உள்ளே குதித்தாள், படத்துக்குப் போகவில்லை. நான் எழுதியதிலேயே சின்னது.

ஹெச்.எம். மேடம் அதை வாசித்தார். அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். என் நாலு பக்கத்தை எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் உங்க கையெழுத்துதானே?”

“ஆமா மேடம்.”

“இதுல எது பொய்?”

“முதல்ல எழுதுனது மேடம்.”

“அன்னைக்கி அக்குவேறு ஆணிவேறா விசாரிச்சேன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

“கண்ணீரால எழுதுறேன்னு எழுதியிருக்கீங்க.”

“அது ஒரு அலங்காரம் மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷி என்று எழுத ஆசைதான். அப்படித் தெரியவில்லை. களைத்துப்போனவர்போல இருந்தார். “பாருங்க. இன்னைக்கி இத நான் ஏத்துக்கிட்டா, நாளைக்கு ஒவ்வொரு வீட்லருந்தும் ரெண்டாவது கடிதம் வரும். அதோட, போன மாசம் இருபத்தி நாலாம் தேதியிலருந்து அவ பள்ளிக்கூடத்துக்கே வரல. தெரியுமா உங்களுக்கு?”

தெரியும் என்றேன். நூலகத்துப் படி கண்ணுக்கு முன்னால் வந்தது.

“பப்ளிக் எழுதுறவங்க பட்டியல் அனுப்பப்போறோம். இந்தப் பள்ளிக்கூடம் பத்து வருஷமா நூத்துக்கு நூறு. டி.சி. வாங்கிட்டுப் போங்க. தனித்தேர்வரா எழுதட்டும். அவளுக்கும் அதுதான் நல்லது, இங்க வந்து என்ன செய்யப்போறா, யாரு பேசப்போறா அவகூட?”

ஃபைலில் இரண்டு கடிதத்தையும் சேர்த்தே வைத்து மூடினார். கீழே பழையது, மேலே புதுசு. பழையதுதான் கனம்.

டிசம்பர் 6, செவ்வாய்

ஆட்டோவில் ஸ்பீக்கர்க் குழாய் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. சங்கரியிடம் கயிறு இருக்கிறதா என்று கேட்டேன். சிவப்பு ரிப்பன் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். 

“இது ஒனக்கு வேணுமே தாயி?”

“வேணாம் மாமா.”

நல்ல உறுதியான ரிப்பன். குழாய் அசையவில்லை.

டிசம்பர் 8, வியாழன்

ஒரு யோசனை வந்தது. நாளைக் காலை ப்ரேயர் நேரத்தில் பள்ளிக்கூட மதிலோரம் ஆட்டோவை நிறுத்தி, சத்தத்தை முழுசாகத் திருப்பி, இரண்டாயிரம் பேர் காதிலும் விழும்படி உண்மையைச் சொல்வது. பெரியோர்களே, தாய்மார்களே, சங்கரேஸ்வரி வெளியே குதிக்கவில்லை என்று. தொண்டைக்கு மிளகு மென்று தயாரானேன்.

பேச்சி கதவில் சாய்ந்து நின்றாள். “இந்தாருங்க. போன ஆடிக்கு ‘இன்னும் ரெண்டே நாள், முந்துங்கள்’னு கத்துனீங்க. அந்தச் சேலையெல்லாம் இன்னும் அந்தக் கடையிலதான் தொங்குது. ஊருக்குத் தெரியாதா ஒங்க வாய?”

அக்கா வீட்டுக்குப் போனேன். சங்கரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

“அன்னைக்கி என்ன தாயி நடந்துச்சு?”

அவள் முறத்தை நிறுத்தவில்லை. “அதான் தவசி அண்ணன் சொல்லிட்டாராமே.”

“நீ சொல்லு.”

“எங்க வகுப்பு மதில ஒட்டித்தான் மாமா இருக்கு. வெளிய நின்னா எல்லாம் கேக்கும். பேரு கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொருத்தியா ‘உள்ளேன் டீச்சர்’, ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்றாளுங்க. என் பேரு வந்துச்சு. ஒரு தடவ கூப்பிட்டாங்க. இன்னொரு தடவயும் கூப்பிட்டாங்க. ரெண்டாவது தடவ கூப்பிடும்போது நான் ஏறிட்டேன்.”

“கண்ணாடி இருக்கிறது தெரியலயா?”

“தெரிஞ்சுச்சு. பேரு தாண்டிப் போயிரும்ல மாமா.”

கல் ஒன்றைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

“படத்துக்குப் போகலன்னு அவங்ககிட்ட நீ சொல்லியிருக்கலாமே தாயி.”

“சொன்னேன். வகுப்பு டீச்சர், ‘அப்ப உங்க மாமா பொய் சொல்றாரா’ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லன்னு சொல்லிட்டேன்.”

மைக்கில் சொல்லப்போகிற விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொன்னேன். நாளைக்குக் காலையில், ப்ரேயரில், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் நிமிர்ந்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எழுத ஏதாவது இருந்திருக்கும்.

“நீங்க சொன்னா யாரு மாமா நம்புவா?”

டிசம்பர் 9, வெள்ளி

போகவில்லை. ஆட்டோ பேட்டரி டவுன் என்று பேச்சியிடம் சொன்னேன். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 14, புதன்

டி.சி. வாங்கியாகிவிட்டது. அக்கா மில்லில் அரை நாள் லீவு சொல்லி வந்து கையெழுத்துப் போட்டாள். அதில் ‘பள்ளியை விட்டு விலகக் காரணம்’ என்று ஒரு கட்டம். ‘பெற்றோர் விருப்பம்’ என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். 

“என்னடா போட்டிருக்கு?”

“நம்ம விருப்பம்னு போட்டிருக்குக்கா.”

“யாரு விருப்பம்?”

“கையெழுத்துப் போடு.”

மகளுக்காக அவள் என்ன விரும்பினாள் என்று அந்த ஆபீஸில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டாம் பீரியட் நடந்துகொண்டிருந்தது. வராண்டா வழியாக வரும்போது ஒரு வகுப்பிலிருந்து யாரோ மெதுவாக “மேட்னி” என்றார்கள். அக்காவுக்கு அது புரியவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

சங்கரி வெளியே நின்றாள். உள்ளே வா என்று தவசி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். அவள் வரவில்லை.

டிசம்பர் 15, வியாழன்

தனித்தேர்வர் விண்ணப்பம் வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் இல்லாதவர்கள் பரீட்சை எழுதுகிற விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் நானே நிரப்பினேன். அதிலும் அதே கட்டம். படிப்பை நிறுத்திய காரணம். மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

“இதுல என்ன தாயி எழுதணும்? நீ சொல்லு, அப்படியே எழுதுறேன். ஒரு எழுத்துக் கூட்ட மாட்டேன்.”

அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். உள்ளங்கைத் தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காகிதத்தை என் பக்கமே தள்ளினாள்.

“நீங்களே எழுதுங்க மாமா. நல்லா எழுதுவீங்கல்ல.”

குத்திச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, பேச்சியிடம்கூட.

எட்டாம் வகுப்பில் என்னை வராண்டாவில் கண்காணிப்புக்கு வைக்கவில்லை. தமிழ்ப் பாடத்தில் ஒரு வரியைத் தப்பாக வாசித்தேன், வகுப்பு சிரித்தது, வாத்தியார் வெளியே போடா என்றார். மறுநாள் உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. யாரும் வா என்று சொல்லவில்லை. அதனால் வெளியே நின்றேன். அடுத்த நாளும். பிறகு அதுவே என் இடம் ஆகிவிட்டது. பேர் கூப்பிடும்போது ஜன்னலுக்கு வெளியே இருந்து “உள்ளேன் ஐயா” என்று கத்துவேன். உள்ளே கேட்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து கத்துவேன். இந்தக் கணீர்க் குரல் அப்படி வந்ததுதான். சாமி கொடுத்தது என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரைப்பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு நாள் வேண்டுமென்றே கத்தாமல் நின்றேன். என்ன செய்வார்கள் என்று பார்க்க. வாத்தியார் “கருணாகரன்” என்றார். ஒரு தடவைதான். அடுத்த பேருக்குப் போய்விட்டார். ஜன்னல் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். யாரும் தேடி வரவில்லை.

நானே விட்டுவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னேன். நான் சொன்ன முதல் விளம்பரம் அதுதான்.

அவள் உள்ளே குதித்தாள். நான் குதிக்கவில்லை. குதித்தவளை நான்தான் வெளியே தள்ளினேன். நாலு பக்கம்.

டிசம்பர் 19, திங்கள்

விண்ணப்பம் அலமாரியில் இருக்கிறது. அந்தக் கட்டம் காலி. கடைசி நாள் இன்னும் இருக்கிறது என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். சங்கரி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்று தண்ணீர் வந்தது. காலை எட்டேகாலுக்கு. குழாயடியில் சங்கரிதான் முதல் ஆள். பள்ளிக்கூடத்து மணி இங்கே வரைக்கும் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு குடமும் நிறைந்தது. டிரம் இரண்டும் நிறைந்தது. அவசரம் ஒன்றும் இல்லை.